அத்தானின் டீ ரூம் திட்டக் குழு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்குப் பின் நெடுங்காலம் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் என் அத்தான் தம் வீட்டு முன்னறையில் பிரிட்டிஷ் பாணியில் ஒரு சிறிய டீ ரூம் திறக்க முடிவு செய்தார். மனிதகுலத்தின் மூன்றாவது பெரும் பாய்ச்சல் அது என்பது என் கருத்தல்ல. திட்டக் குழுவின் முதல் கூட்டத்தில் அத்தானே தம் வாயால் சொன்னார். நான் குழுவின் செயலாளர். சொன்னதை எழுதிக்கொள்வது என் கடமை. கூட்டத்தில் என்னிடம் மட்டும்தான் பேனா இருந்தது என்பதால் அந்தப் பதவி என்னைத் தேடி வந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். பம்பு செட்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அதிகாரியாக இருந்து 'விருப்ப ஓய்வு' பெற்றவர். விருப்பம் தொழிற்சாலையுடையது. வேலையில் இருந்த காலத்தில் பயிற்சிக்கென்று அவரை பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மாலை நல்ல மழை. ஒதுங்க இடம் தேடியவர் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன டீ ரூமுக்குள் நுழைந்தார். மழை விட்டதும் வெளியே வந்தார். உள்ளே போனவர் வேறு, வெளியே வந்தவர் வேறு. ஞானம் மரத்தடியில்தான் கிடைக்க வேண்டும் என்று சட்டமில்லை. பூ வேலை செய்த மேசை விரிப்புக்கு எதிரிலும் கிடைக்கும்.

"அங்க யாரும் டீ குடிக்கிறதில்லடா. அனுபவிக்கிறாங்க" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"என்ன வித்தியாசம் அத்தான்?"

"குடிச்சா தீர்ந்துடும்."

திட்டத்துக்கு ஒரே ஒரு சிறு இடையூறு இருந்தது. முன்னறையில் ஏற்கெனவே என் அக்காவின் ஜெராக்ஸ் கடை இருந்தது. தெருவுக்கு எதிர்ப்புறம் கோர்ட்டு. காலையிலிருந்து சாயங்காலம் வரை வக்கீல் குமாஸ்தாக்களும், வழக்குக்கு வந்தவர்களும், சான்றிதழ் நகல் எடுக்க வருபவர்களும் வாசற்படியில் நின்றுகொண்டே இருப்பார்கள். அக்கா ஒரு கையால் மெஷின் மூடியைத் தூக்கி மறுகையால் தாளைத் திருப்பிப் போடுவாள். இடையில் லேமினேஷன் செய்வாள், ஸ்பைரல் பைண்டிங் போடுவாள், எழுதத் தெரியாதவர்களுக்கு மனுவில் எந்த இடத்தில் கையெழுத்து என்று காட்டிக் கொடுப்பாள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மெஷினால்தான். ஆனால் அது ஒரு பொருளாதார விவரம்; திட்டக் குழுவின் ஆய்வு வரம்புக்குள் வராது.

குழுவில் அத்தானையும் என்னையும் தவிர இரண்டு அறிஞர்கள் இருந்தார்கள். ஒருவர் அடுத்த வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருக்கு 'உச்சரிப்புத் துறை'. இன்னொருவர் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். அவர் 'சர்க்கரை ஆலோசகர்'. பல் டாக்டர் சர்க்கரைக்கு எதிராகப் பேசுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் முதல் கூட்டத்திலேயே, கேக் இல்லாத டீ ரூம் மனசாட்சி இல்லாத மனிதனைப் போன்றது என்றார். "கீழ சாப்பிட்டவங்க என்னைக்காவது மேல வரத்தானே போறாங்க" என்றும் சொன்னார். இந்தத் தொலைநோக்கு எங்களை நெகிழ வைத்தது.

கூட்டங்கள் முன்னறையிலேயே, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்திலேயே, மாலை வேளைகளில் நடந்தன. கூட்டம் என்றால் டீ வேண்டும். அக்கா நகல் எடுப்பதை நிறுத்திவிட்டு உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வருவாள். அதைக் குடித்துக்கொண்டே, டீ எப்படிப் போட வேண்டும் என்று விவாதிப்போம்.

முதல் தீர்மானம் மொழி சம்பந்தப்பட்டது. இனி யாரும் 'டீக்கடை' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது.

"கடைன்னா என்ன? கடைசி. தாழ்ந்தது" என்று விளக்கினார் தலைமையாசிரியர். "முதல்ல தொடங்கும்போதே யாராவது கடையா தொடங்குவாங்களா?"

அத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வக்கீல் குமாஸ்தா ஒருவர் தலையை உள்ளே நீட்டினார்.

"ரெண்டு பக்கமும் எடுக்கணும்மா."

"இங்க கூட்டம் நடந்துட்டிருக்கு" என்றார் அத்தான்.

"தெரியுது சார். இந்தக் கடையில எப்பவும் கூட்டம்தான். நான் நிக்கிறேன்."

அவர் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள். மெஷின் 'கர்க் கர்க்' என்று ஓட ஆரம்பித்தது. பிரிட்டிஷ் பாணியின் ஆன்மா அமைதியில் இருக்கிறது என்று அத்தான் சொன்ன வாக்கியத்தில் பாதிதான் எனக்குக் கேட்டது. அடுத்த கூட்டத்தில் இரண்டாம் தீர்மானம் நிறைவேறியது: ஜெராக்ஸ் கடையை 'தற்காலிகமாக' வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே 'இடம்பெயர்த்தல்'.

அக்காவிடம் சொன்னபோது அவள் கையில் டோனர் பவுடர் ஒட்டியிருந்தது.

"மாடிப்படிக்குக் கீழ ஈரம் ஏறுமேங்க" என்றாள். "மெஷின் கெட்டுப்போகும். பேப்பர் நமத்துப்போகும்."

"மனுஷனுக்கு மனசுல ஈரம் இருக்கணும்மா" என்றார் தலைமையாசிரியர். நல்ல கருத்து என்பதால் எழுதிக்கொண்டேன்.

"யாரு தூக்கி வைக்கிறது?" என்று அக்கா கேட்டாள்.

"அதுக்குத்தானே உன் தம்பி இருக்கான்" என்றார் அத்தான்.

நான் தூக்கி வைத்தேன். செயலாளர் பதவி பேனாவோடு முடிந்துவிடவில்லை.

அதற்குப் பிறகு திட்டம் வேகம் பிடித்தது. முன்னறைக்கு வெளிறிய பச்சை வண்ணம் அடித்தார்கள். வட்ட மேசைகள் வந்தன. மேசைக்கு ஒரு சின்ன மணி வந்தது. பூப்போட்ட கோப்பைகள் வந்தன; கோப்பையின் காது மிகச் சிறியதாக இருந்ததால், அத்தானின் விரல் அதற்குள் நுழைந்தால் வெளியே வர மறுத்தது. "நுழைக்கக் கூடாது. ரெண்டு விரலால கிள்ளிப் பிடிக்கணும்" என்று அவர் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நாங்கள் வெற்றுக் கோப்பைகளைக் கிள்ளிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். டாக்டருக்கு அது சுலபமாக வந்தது. தொழிலே கிள்ளிப் பிடித்து இழுப்பதுதானே.

உணவுத் துறையில் ஒரு நெருக்கடி. டீயோடு கொடுக்கும் அந்த உருண்டை ரொட்டியை 'ஸ்கோன்' என்பதா, 'ஸ்கான்' என்பதா? தலைமையாசிரியர் ஒரு வாரம் அவகாசம் கேட்டு ஆராய்ந்துவிட்டு வந்தார்.

"ஸ்கோன்தான் சரி. உள்ள பாருங்க, 'கோன்' இருக்கார். கோன்னா அரசன். அரச குடும்பம் சாப்பிடற பண்டம். ஸ்கான்னு சொன்னா ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்."

"அதை எப்படி செய்யிறது?" என்று நான் கேட்டேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். செயல்முறை சம்பந்தமான கேள்விகளைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று அத்தான் தீர்ப்பளித்தார். கடைசி வரை அது எடுத்துக்கொள்ளப்படவில்லை.

பாலை முதலில் ஊற்றுவதா, டீயை முதலில் ஊற்றுவதா என்ற விவாதத்தில் குழு இரண்டாக உடையும் நிலைக்குப் போனது. டாக்டரும் தலைமையாசிரியரும் நாள்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதெல்லாம் அக்கா பாலையும் டீயையும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கவைத்து இருவருக்கும் கொடுத்துவந்தாள். இருவரும் குடித்துவிட்டு மறுபடி சண்டை போட்டார்கள்.

ஆனால் அத்தானின் மேதைமை முழுமையாக வெளிப்பட்டது மழை விஷயத்தில்தான். ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே அடிக்கும் வெயிலை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வெயில்ல எவனுக்கு பிரிட்டன் ஞாபகம் வரும்? மழை வேணும்" என்றார்.

பிளம்பரை வரவழைத்தோம். அவர் நெடுநாள் அனுபவம் உள்ளவர். குழாய் என்றால் அவருக்குத் தெரியாதது இல்லை. அத்தான் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, ஒழுகாம பண்ணிக் குடுன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. இவரு ஒழுகுற மாதிரி பண்ணணும்னு சொல்றாரா?"

"ஜன்னல் கண்ணாடி மேல மட்டும் ஒழுகணும். சன்னமா. சோகமா" என்றேன்.

"சோகமான்னா எத்தனை இஞ்சு பைப்பு?"

அத்தானே இறங்கி வந்து விளக்கினார். வீட்டின் பக்கவாட்டுச் சுவர் வழியாகப் பிளம்பர் ஒரு குழாய் ஏற்றி, முன் ஜன்னலுக்கு மேலே ஓட்டை போட்ட குழாயோடு இணைத்தார். வால்வைத் திறந்ததும் உச்சி வெயிலில் எங்கள் ஜன்னலில் மட்டும் மழை பெய்தது. தெருவில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவும் மழையோ என்று நினைத்தேன்.

இந்தச் சமயத்தில் டாக்டரின் ஒன்றுவிட்ட அண்ணன் விடுமுறைக்கு வந்திருந்தார். பிரிட்டனில் பல காலமாக பஸ் ஓட்டுகிறவர். அவரைச் 'சர்வதேச ஆலோசகர்' ஆக்கி ஒரு சிறப்புக் கூட்டம் கூட்டினோம். மழை திறந்துவிடப்பட்டது. அவர் பச்சைச் சுவரையும் விரிப்பையும் பார்த்தார். கோப்பையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, அப்படியே கீழே வைத்தார்.

"எப்படி இருக்கு? அங்க இருக்கிற மாதிரியே இருக்கா?" என்று அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தெரியலைங்க. நான் இந்த மாதிரி இடத்துக்குள்ள போனதே இல்ல."

"இத்தனை வருஷமாவா?"

"வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் கப்புல வாங்கி ஊத்திக்குவோம். உக்காந்து குடிக்க யாருக்கு நேரம்? அது சரி, காபி இருக்கா?"

அவர் போன பிறகு அத்தான் நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொன்னது இது: 'ஆலோசகர் பிரிட்டனில் வாழ்ந்திருக்கிறார், ஆனால் பிரிட்டனை அறியவில்லை.' அவரைவிட ஒரே ஒரு மாலை மழைக்கு ஒதுங்கியவருக்கு அந்த நாடு நன்றாகப் புரிந்திருக்கிறது என்பதை நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒத்திகைத் திறப்புக்கு நாள் குறித்தோம். அதற்கு முந்தைய நாள் ஒரு சம்பவம் நடந்தது. எங்கள் குறிப்பில் அது 'இயற்கைச் சீற்றம்' என்று பதிவாகியிருக்கிறது.

பகலில் அத்தான் மழையைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சோகம் போதவில்லை என்று வால்வை இன்னும் கொஞ்சம் திருப்பினார். பக்கவாட்டுச் சுவரில் குழாயின் இணைப்பு ஒன்று கழன்றது. அந்த இணைப்புக்கு நேர் கீழேதான் மாடிப்படி. அங்கே அக்காவின் மேசை மேல் ஒரு நர்ஸ் தம் அசல் சான்றிதழ்களைப் பிரித்து வைத்திருந்தார். புது ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, மறுநாள் சேர வேண்டியவர். நகல் எடுக்க வந்திருந்தார்.

சத்தம் கேட்டு நான் ஓடினேன். அக்கா மெஷினைப் பார்க்கவில்லை. சான்றிதழ்களின் மேல் குனிந்து முதுகால் தண்ணீரை வாங்கிக்கொண்டிருந்தாள். அப்படியும் ஒன்று நனைந்துவிட்டது. ஓரத்திலிருந்த நீல முத்திரை மை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அழவில்லை, அழுகையைவிட அது மோசமாக இருந்தது.

"ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகலம்மா. உக்காரு" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தன் தலையைத் துடைக்காமல், சான்றிதழை இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து ஒற்றினாள். பிறகு துணி தேய்க்கும் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு, பயந்து பயந்து தேய்த்தாள். பாதிப் பகல் போனது. முத்திரை பாதி கலங்கினாலும் பெயரும் பதிவு எண்ணும் பிழைத்துக்கொண்டன. அக்கா எதிரே இருந்த கோர்ட்டுக்கு நர்ஸைக் கூட்டிக்கொண்டு போய், தெரிந்த வக்கீல் ஒருவரிடம் நடந்ததை எழுதி வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

திரும்பி வந்தபோது அத்தான் முன்னறையில் மேசை விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணோட வேலை போயிருக்கும்ங்க" என்றாள் அக்கா.

"மழைன்னா நனையத்தாம்மா செய்யும்" என்றார் அத்தான் வருத்தத்தோடு. "நல்ல வேளை, விரிப்பு மேல ஒரு சொட்டுகூட படல."

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குறிப்பு எழுதுவதில் மும்முரமாக இருந்தேன்.

மறுநாள் ஒத்திகை. இணைப்பைச் சரிசெய்து மழை திறந்துவிடப்பட்டது. 'திறந்திருக்கிறது' என்ற பலகை கதவில் தொங்கியது. அத்தான் கோட்டு அணிந்திருந்தார். தலைமையாசிரியர் ஜன்னலோர மேசையில் அமர்ந்தார். டாக்டர் ஒரு மேசை, நான் ஒரு மேசை. அத்தான் நடுவில் நின்று ஒரு சிற்றுரை ஆற்றினார். நாங்கள் கை தட்டினோம். பிறகு எல்லோரும் காத்திருந்தோம்.

"ஏம்மா, ஆரம்பிக்கலாம்" என்று அத்தான் உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

தெருக்கதவு திறந்தது. அக்கா வந்தாள். வெளியூர் போகும்போது உடுத்தும் நல்ல சேலையை உடுத்தியிருந்தாள். கையில் கைப்பை. சந்துக் கடையைப் பூட்டிவிட்டு, வீட்டைச் சுற்றி, வாசல் வழியாக வந்திருக்கிறாள். ஜன்னலோர மேசைக்கு எதிரே போய் நின்றாள். தலைமையாசிரியர் ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது; எழுந்துவிட்டார். அக்கா உட்கார்ந்தாள். கைப்பையை மேசை மேல் வைத்தாள். மணியை எடுத்து ஆட்டினாள்.

"ஒரு டீ" என்றாள்.

அத்தான் சிரிக்க முயன்றார். "என்னம்மா விளையாட்டு இது? நேரமாகுது, உள்ள போ."

"திறந்திருக்குன்னு போர்டு தொங்குதே. கஸ்டமர் வரக் கூடாதா?"

அறையின் மூலையில் அவசரக் கூட்டம் கூடியது. நின்றுகொண்டே நடந்த முதல் கூட்டம் அது.

"யாரு போடுறது?" என்று அத்தான் தணிந்த குரலில் கேட்டார்.

"எனக்கு உச்சரிப்பு மட்டும்தான்" என்றார் தலைமையாசிரியர்.

"நான் ஆலோசகர்" என்றார் டாக்டர். "ஆலோசனை வேணும்னா கேளுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். "நான் எழுதணும் அத்தான்" என்றேன்.

ஆக, நிர்வாகத்தில் நான்கு பேர் இருந்தோம். டீ போட ஆள் இல்லை. இத்தனை நாள் கூட்டங்களில் எங்களில் எவருக்கும் இது தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் சரியல்ல. ஆள் இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதைத் திட்டத்தில் எழுத வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. காற்று வேண்டும், தரை வேண்டும் என்று யாராவது எழுதுவார்களா?

அத்தான் கோட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு தலை மட்டும் வெளியே வந்தது.

"தேயிலை எங்க இருக்கு?"

"கஸ்டமர்கிட்ட கேப்பாங்களா?" என்றாள் அக்கா. ஜன்னல் மழையைப் பார்த்தபடியே, "ஸ்டோர்ஸ் ஆபீசரா இருந்தவர்தானே. கண்டுபிடிப்பார்" என்றாள்.

என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டார். அக்கா வீட்டுச் சமையலறையை அன்றுதான் நான் முதன்முதலாக உள்ளிருந்து பார்த்தேன் என்று சொல்லலாம். 'உப்பு' என்று எழுதிய டப்பாவில் தேயிலை இருந்தது. 'தேயிலை' என்று எழுதிய டப்பாவில் பொத்தான்களும் நூற்கண்டும் இருந்தன. இந்த நிர்வாக முறை அக்காவுக்கு மட்டும் புரிந்திருக்கிறது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. மறுபடி மூட்டினோம். வடிகட்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவழியாகப் பூப்போட்ட கோப்பையில் பழுப்பாக ஏதோ ஒன்று நிரம்பியது. மேலே தேயிலை மிதந்தது.

அத்தான் தட்டை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்து வந்தார். கோப்பையை வைத்தார். குழு வகுத்த உபசரிப்பு முறைப்படி லேசாகக் குனிந்தார்.

"மேடம், சர்க்கரை எத்தனை கட்டி?"

"சர்க்கரை வேண்டாம்."

அத்தான் நிமிர்ந்தார். "நீ சர்க்கரை போட்டுத்தானே குடிப்ப?"

"இல்ல."

"எப்ப இருந்து?"

"டாக்டர் வேண்டாம்னு சொன்னதில இருந்து."

"நானா? நான் சொல்லலையே" என்றார் பல் டாக்டர் பதறி.

"நீங்க இல்ல டாக்டர். பெரியாஸ்பத்திரி டாக்டர். ரத்தத்துல சர்க்கரை ஏறியிருக்குன்னு சொன்னார்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார் அத்தான். குரல் இறங்கிவிட்டது.

"சொல்லத்தான் வந்தேன். அன்னைக்கு உங்களுக்குக் கூட்டம். பால் முதல்லயா, டீ முதல்லயான்னு."

அக்கா கோப்பையை எடுத்தாள். காதைக் கிள்ளவில்லை, இரு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்தாள். மிதந்த தேயிலையை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தாள். நிதானமாகக் குடித்தாள். நாங்கள் நால்வரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி சுவரோரம் நின்றோம். யாரும் உட்காரத் துணியவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கடைசியில் அத்தான் கேட்டார்.

"நல்லா இல்ல" என்றாள். இன்னொரு வாய் குடித்தாள். "ஆனா சூடா இருக்கு. உக்காந்து சூடா டீ குடிச்சு ரொம்ப நாளாச்சு."

மீதியையும் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தம்பி, மெஷினைத் தூக்கிட்டுப் போனது நீதானே. நாளைக்குக் காலையில கோர்ட்டு திறக்கிறதுக்குள்ள நீயே தூக்கிட்டு வந்து இங்க வச்சிடு. அந்தக் குழாயைக் கழட்டச் சொல்லுங்க. அப்புறம், இனிமே கூட்டத்துக்கு நான் டீ போட மாட்டேன்."

"இதைத் தீர்மானமா எழுதிக்கணுமா அக்கா?" என்று கேட்டேன்.

"எழுதிக்கோ. நகல் வேணும்னா நாளைக்கு வா. எடுத்துத் தரேன்."

மறுநாள் காலை, தண்ணீருக்குத் தப்பிய மெஷின் முன்னறைக்குத் திரும்பியது. வட்ட மேசைகளில் ஒன்றில் இப்போது ஸ்பைரல் பைண்டிங் நடக்கிறது. கோப்பைகளில் ஒன்றில் பேப்பர் கிளிப்புகள் இருக்கின்றன. வெளிறிய பச்சைச் சுவர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று குமாஸ்தாக்கள் சொல்கிறார்கள். அந்த நர்ஸ் வேலையில் சேர்ந்துவிட்டார்; ஒரு நாள் வந்து அக்காவின் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து காலையில் ஒரு தம்ளர் டீ அவரே போடுகிறார். அது இன்னும் நன்றாக இல்லை என்று கேள்வி.

ஆனால் மாபெரும் திட்டங்கள் இதனாலெல்லாம் சாவதில்லை. திட்டக் குழு மாடிப்படிக்குக் கீழே கூடியது. டீ இல்லாததால் கூட்டம் சீக்கிரம் முடிந்தது. டீ ரூம் திறக்கத் தடையாக இருப்பது இடமல்ல, பாணியல்ல, 'மனிதவளம்' மட்டுமே என்று ஏகமனதாகக் கண்டறிந்தோம். ஆள் தேவை என்று ஒரு விளம்பரம் அடிப்பதென்று முடிவாயிற்று. தலைமையாசிரியர் தம் அழகிய கையெழுத்தில் எழுதினார்.

'காலை முதல் இரவு வரை இன்முகத்துடன் டீ போடத் தெரிந்தவர் தேவை. எந்தப் பொருள் எந்த டப்பாவில் இருக்கிறது என்பதைக் கேளாமலே அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு சர்க்கரை என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். கூட்டங்களில் கருத்துச் சொல்லக் கூடாது. ஊதியம், விடுப்பு, பதவி உயர்வு கிடையாது. சொந்தத் தொழில் செய்து வீட்டுச் செலவையும் பார்த்துக்கொள்பவருக்கு முன்னுரிமை.'

நகல் எடுக்க அதை அவரே அக்காவிடம் கொண்டுபோனார். அக்கா மூடியைத் தூக்கியவள் நின்று, முழுதும் படித்தாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சே சார்."

"என்னம்மா?"

"'உட்காரக் கூடாது'ன்னு ஒரு வரி சேத்துக்கோங்க."

"நல்ல யோசனை" என்று அங்கேயே நின்று எழுதிச் சேர்த்தார். அக்கா நகல் எடுத்துக் கொடுத்தாள். எல்லோரிடமும் வாங்குவது போல அவரிடமும் காசு வாங்கிக்கொண்டாள்.

கோர்ட்டு வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டினோம். பலர் நின்று படித்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஓர் அம்மாள் படித்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். இன்றுவரை ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. வேலை இல்லை, வேலை இல்லை என்று ஊரில் புலம்புகிறார்களே, அது எவ்வளவு பெரிய புரளி என்பது எங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

குழு இதையும் ஆழ்ந்து ஆராய்ந்தது. இந்தத் தகுதிகளோடு ஒரு ஆள் விளம்பரம் அடித்துக் கிடைக்கமாட்டார், கல்யாணப் பத்திரிகை அடித்தால்தான் கிடைப்பார் என்பது எங்கள் இறுதி அறிக்கை. அத்தான், தலைமையாசிரியர், டாக்டர், நான் என்று நால்வரும் ஆளுக்கு ஒருவரை அந்த முறையில்தான் வேலைக்கு எடுத்திருக்கிறோம்; பதவியின் பெயரை மட்டும் அப்போது வேறு மாதிரி சொல்லி அழைத்து வந்துவிட்டோம்.